படலைக்கு வெளியே நின்றவர்

எண்ணுவது எனக்கு ஒரு வருத்தம், தீராத நோய் மாதிரி. பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணுவேன். தேவாலயத்தில் பிரசங்கம் நடக்கும்போது விட்டங்களை எண்ணுவேன். இப்போது, இந்தத் தள்ளாத வயதில், மருந்துக் குளிசைப் போத்தலைக் கவிழ்த்து எண்ணிவிட்டு, சரியாகத்தான் எண்ணினேனா என்று மறுபடியும் கவிழ்க்கிறேன். இந்த வருத்தத்தால் ஒருமுறை பிறருக்குப் பிரயோசனம் வந்தது என்று என் பழைய மாணவர்கள் சொல்வார்கள். எனக்கு அது அவ்வளவு நிச்சயமில்லை. நிச்சயமில்லாததுதான் இவ்வளவு காலமும் உறுத்துகிறது.

அறுபதுகளின் பின்பாதி. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரைப் பட்டினம் ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மிஷன் கட்டிய பள்ளிக்கூடம். அரசாங்கம் எடுத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் வட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தவன். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் கடலோடிகளின் வீட்டுப் பிள்ளைகள், சைவர்கள். எனக்குத் தந்த பாடம் குடியியல். அதில் புதினப்பத்திரிகைகளை, அதாவது செய்தித்தாள்களைப் பற்றி ஒரு அத்தியாயம் இருந்தது. பத்திரிகை ஜனநாயகத்தின் தூண் என்று அதில் எழுதியிருந்தது. தூணைத் தட்டிப் பார்ப்பது எப்படி என்று எழுதியிருக்கவில்லை.

எங்கள் ஊர்களில் ஆளை ஆள் கண்டால் சுகம் கேட்பதற்கு முன் "என்ன புதினம்?" என்றுதான் கேட்பார்கள். ஆகவே திங்கட்கிழமை முதற் பாடத்தை நானும் அப்படியே தொடங்கினேன். கரும்பலகையில் நடுவே ஒரு கோடு. இடது பக்கம் 'கண்டது', வலது பக்கம் 'கேட்டது'. பிள்ளைகள் கொண்டுவரும் புதினங்களை அதில் பிரித்து எழுதுவோம். முதல் மாதத்தில் இடது பக்கம் அநேகமாக வெறுமையாகவே கிடந்தது.

"ஊரெல்லாம் சொல்லுது சேர்" என்பான் ஒருவன்.

"ஊரெண்டால் எத்தினை பேர்?"

"எல்லாரும்."

"எல்லாரும் எண்டால் எத்தினை பேர்? உனக்குச் சொன்னது ஆர்?"

"அம்மா."

"அப்ப ஒராள்."

வகுப்புச் சிரிக்கும். எனக்கு 'எத்தினைபேர் மாஸ்டர்' என்று பட்டம் வைத்திருந்தார்கள். கிணற்றடிச் சுவரில் கரியால் எழுதியும் இருந்தார்கள். எழுத்துப்பிழை இல்லாததால் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஒருமுறை வாசிகசாலையிலிருந்து இரண்டு பத்திரிகைகளை இரவல் வாங்கி வந்தேன். ஒரே கூட்டத்தைப் பற்றி ஒன்றில் 'மக்கள் வெள்ளம்', மற்றதில் 'சிலர் வந்திருந்தனர்'. எது சரி என்று கேட்டேன். ஒரு பெடியன் எழுந்து, "எங்கடை அண்ணை போனவர் சேர். மேடைக்குக் கிட்ட நிண்டவராம். அங்கை நிண்டு பாத்தால் வெள்ளம்தானாம். தண்ணி குடிக்கப் பின்னாலை வந்தவராம், பின்னாலை ஒருதரும் இல்லையாம்" என்றான். அன்றைக்கு மூன்றாவது கேள்வியையும் சேர்த்தேன்: சொன்னவர் எங்கே நின்றார்? இந்தப் பாடம் பரீட்சைக்கு வராது என்று தலைமையாசிரியர் இரண்டு தடவை நினைவூட்டினார். எனக்கும் அந்தக் கவலை இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

ஒரு ஐப்பசித் திங்கட்கிழமை இரண்டாம் வாங்கில் ஓர் இடம் காலியாக இருந்தது. வராதவள் ஒரு தண்டயலின் மகள். தண்டயல் என்றால் பாய்வத்தையை, பாய் கட்டிய சரக்குத் தோணியை, நடத்திப் போகிறவர். அவர் நாகபட்டினத்துக்குப் போய், கூரைக்கு வேயும் ஓடு ஏற்றிக்கொண்டு வருவார். வழக்கம்போல "என்ன புதினம்?" என்று கேட்டேன். எல்லோரும் அந்தக் காலி இடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு முன்வாங்குப் பெடியன் சொன்னான்:

"அவளின்ரை அப்பா கடலிலை செத்துப் போட்டார் சேர். வத்தை தாண்டு போச்சுதாம்."

"ஆர் கண்டது?"

கேட்ட பிறகுதான், பழக்கத்தில் கேட்டுவிட்டேன் என்று தெரிந்தது. ஒரு சகமாணவியின் தகப்பனுடைய சாவு அது. கேட்கும் விதம் அதுவல்ல. ஆனால் பிள்ளைகள் அப்படி எடுக்கவில்லை. கைகளை உயர்த்தினார்கள். எண்ணினேன். பதினொரு பேர் கேள்விப்பட்டிருந்தார்கள். ஒருத்தி கோடியக்கரைக்குக் கிட்ட என்றாள். ஒருவன் கச்சதீவுக்கு அங்காலே என்றான். பாய்மரம் மிதந்து வந்தது என்றான் இன்னொருவன். நீலச் சேட்டோடு ஒரு உடல் ஒதுங்கியதாம். "பொட்டும் அழிச்சாச்சாம் சேர்" என்றாள் பின்வாங்கில் ஒருத்தி.

"உனக்கு ஆர் சொன்னது?" என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். அம்மா, அம்மாவுக்கு மீன் விற்கிறவ, அவவுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, பக்கத்து வீட்டுக்காரி தண்டயல் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டவ. இன்னொருவனுக்குக் கடையில் கேள்வி. கடை அந்தப் பிள்ளையின் தாய்மாமனுடையது. மாமனுக்கு அவருடைய மனைவி சொன்னவ. அவவும் அழுகையைக் கேட்டுத்தான் ஓடிப் போனவ. பதினொரு வழியாலும் போய்ப் பார்த்தோம். பதினொன்றும் அந்த வீட்டு வெளிவாசல் படலையிலே வந்து நின்றன.

"அப்ப வீட்டுக்காரருக்கு ஆர் சொன்னது?"

அந்த வீட்டுக்கு அடுத்த வளவில் இருக்கும் பிள்ளை எழுந்தாள். "சனிக்கிழமை சைக்கிளிலை ஓராள் வந்தது சேர். படலைக்கு வெளியிலையே நிண்டது. உள்ளுக்கு வரச் சொல்ல மாட்டன் எண்டிட்டுது. தண்ணி குடுக்கவும் வாங்கேல்லை. வீட்டிலை ஆம்பிளையள் இல்லையோ எண்டு கேட்டது."

வகுப்பில் ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. எனக்கு விளங்கவில்லை.

"அதுக்கென்ன?"

"சேர் வேதக்காரர். அதுதான் தெரியேல்லை" என்றான் முன்வாங்கான், இரக்கத்தோடு. "இழவு சொல்ல வாறவை அப்பிடித்தான் நிப்பினம் சேர். உள்ளுக்கு வராயினம். பச்சைத் தண்ணியும் வாய்க்கை விடாயினம். ஆம்பிளையளைத்தான் தேடுவினம்."

எங்கள் வீடுகளில் சாவுச் செய்தி கொண்டுவருகிறவர் கதிரையில் அமர்வார்; ஜெபம் பண்ணுவோம்; தேத்தண்ணி கொடுப்போம். அன்று கரும்பலகையில் நான் ஒன்றும் எழுதவில்லை. மற்ற மூன்று பாடங்களையும் எப்படிப் படிப்பித்தேன் என்று ஞாபகமில்லை. அந்த மனிதர் என்ன சொன்னார் என்பதை ஒருவரும் சொல்லவில்லையே என்ற ஒன்றுதான் மண்டைக்குள் குடைந்துகொண்டிருந்தது. எப்படி நின்றார் என்று சொன்னார்கள். எதைக் குடிக்கவில்லை என்று சொன்னார்கள். அவர் வாயிலிருந்து வந்த சொல் எது?

பள்ளி விட்டதும் அந்த வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். தாய்மாமன் வாசலில் நின்றார். பட்டினத்தில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், குரல் பெரிது.

"வாங்கோ மாஸ்டர். எல்லாம் முடிஞ்சுது."

"தகவல் நிச்சயம்தானோ?"

"நாகபட்டினத்துக்குத் தந்தி அடிச்சனாங்கள். வத்தை அங்கயிருந்து வெளிக்கிட்டு ஒரு கிழமைக்கு மேலையாம். ஒரு நாள் ஓட்டம் மாஸ்டர்! வாடைக்காத்தும் கிளம்பீட்டுது. இதுக்கு மேலை என்ன நிச்சயம் வேணும்?"

இது வேறு விஷயம். வத்தை பிந்தியது உண்மை. காற்று மாறியதும் உண்மை. நானே அன்று காலை முழுவதும் வகுப்பறை யன்னல் அடிபடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். 

மாமன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வானொலிக்கு மரண அறிவித்தல். "நாளைக்கு முதல் பஸ்ஸிலை யாழ்ப்பாணம் போய் இதைக் குடுக்கப் போறன். சொந்தம் அஞ்சு ஊரிலை கிடக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் விடேலுமே? பேந்து, எங்களுக்குச் சொல்லேல்லை எண்டு காலமெல்லாம் குறை சொல்லுவினம்."

அந்தத் தாளைக் கண்டதும்தான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. வானொலியில் மரண அறிவித்தல் போகும் நேரத்தில் யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு பேச்சு நிற்கும். அதில் ஒரு பெயர் வாசிக்கப்பட்டுவிட்டால், அதற்குப் பிறகு 'ஆர் கண்டது' என்று கேட்கிறவனை விசரன், பைத்தியக்காரன் என்பார்கள். தண்டயலின் மனைவி அன்றோடு கைம்பெண். தாலி கழற்றுவார்கள். தர்ப்பையில் உருச் செய்து தகனம் பண்ணுவார்கள். வத்தையில் கூடப் போன மற்ற மூன்று பேரின் வீடுகளிலும் அப்படியே. அதன் பின் உயிரோடு வந்தாலும் வருகிறவன் பட வேண்டிய பாடு வேறு.

உள்ளே எட்டிப் பார்த்தேன். அந்தப் பிள்ளையின் தாய் சுவரோடு சாய்ந்திருந்தா. நெற்றியில் பொட்டு இல்லை. அழித்தார்களா, அழுது அழிந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. அதைப் பார்த்தவர்கள்தான் வெளியே போய் "பொட்டு அழிச்சாச்சு" என்று சாட்சி சொல்லியிருந்தார்கள். வீடு ஊரைப் பார்த்து நம்பியது. ஊர் வீட்டைப் பார்த்து நம்பியது. அவவின் உதடுகள் வெடித்திருந்தன. சனிக்கிழமை தொடக்கம் தண்ணீர்கூட ஒழுங்காகக் குடிக்கவில்லை என்றார்கள்.

மகள் கிணற்றடியில் தனியே நின்றாள். வகுப்பில் கேட்பதைப் போலவே கேட்டேன்.

"நீ அண்டைக்கு எங்கை நிண்டனி?"

"அம்மாவுக்குப் பக்கத்திலை சேர்."

"கண்டதை மட்டும் சொல்லு, பிள்ளை."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொன்னாள். மனிதர் சவரம் செய்யாத முகம். வேட்டி அழுக்கு. சைக்கிள் சில்லில் செம்மண் ஒட்டியிருந்தது. கைபிடியில் வெள்ளைத் துணியால் கட்டிய ஒரு சின்னப் பொட்டளி. அம்மா வரச் சொன்னபோது மாட்டேன் என்று தலையாட்டினார். தண்ணீர் வேண்டாம் என்றார். ஆம்பிளைகள் இல்லையோ என்று கேட்டார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா கத்தத் தொடங்கியதும் பயந்துபோய்ச் சைக்கிளைத் திருப்பிவிட்டார்.

"வேறை ஒண்டும் கதைக்கேல்லையோ?"

"முதல் வந்த உடனை ஒண்டு கேட்டவர் சேர். 'தண்டயல் இன்னும் வரேல்லையோ' எண்டு."

"இதை ஆருக்கும் சொன்னனியோ?"

"ஒருதரும் என்னட்டைக் கேக்கேல்லை சேர்." பிறகு மெதுவாக, "செத்தது தெரிஞ்ச ஆள் ஏன் சேர் வந்திட்டாரோ எண்டு கேக்கவேணும்?" என்றாள்.

அந்தக் கேள்வியோடு மாமனிடம் போனேன். அவர் எரிந்து விழுந்தார். "மாஸ்டர், உங்கடை பள்ளிக்கூட விளையாட்டை இஞ்சை கொண்டுவராதையுங்கோ. சின்னப் பெட்டை. தேப்பனிலை உயிர். அவள் என்னத்தையும் சொல்லுவாள்."

"சரி. ஆனால் செம்மண் இந்தக் கரையிலை இல்லை. இது மணல். உங்களுக்குத் தெரிஞ்ச ஆர் செம்மண் பக்கத்திலையிருந்து இஞ்சை வரக்கூடியவை?"

மாமன் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். பிறகு, செம்மண் ஊரான சுன்னாகத்தில் ஒருவர் போன வருஷம் தண்டயலிடம் ஓடு வாங்கி வீடு வேய்ந்தவர் என்றார். "ஆனால் அவர் பெரிய மனுசன். இப்பிடி அழுக்கு வேட்டியோடை வரமாட்டார்."

"நாளைக்கு யாழ்ப்பாணம்தானே போறியள்? நானும் வாறன். முதல் சுன்னாகத்திலை இறங்கிக் கேப்பம். இல்லையெண்டால் நானே உங்களோடை வந்து அறிவித்தலைக் குடுக்கிறன்."

"நீங்கள் விடமாட்டியள்" என்றார் அவர். "கணக்கு வாத்தியாரெண்டாலும் பரவாயில்லை. குடியியல் வாத்தியாருக்கு உந்தக் குணம் எங்கயிருந்து வந்தது?"

மறுநாள் பஸ்ஸில் அவர் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. சட்டைப் பையை மட்டும் அடிக்கடி தொட்டுப் பார்த்தார். நான் தலைகளை எண்ணினேன்; ஆட்கள் ஏறி இறங்கக் கணக்குப் பிழைத்துக்கொண்டே இருந்தது. ஒருவேளை அந்தச் சுன்னாகத்து மனிதர் உண்மையிலேயே செய்தி கொண்டுவந்தவராக இருந்தால்? நான் ஒரு சாவை ஒரு நாள் தள்ளிப்போட்டவன் ஆவேன், அவ்வளவுதான். அதை நினைக்க நினைக்க வேர்த்தது.

சுன்னாகத்தில் சந்தையைத் தாண்டி, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே போன ஒழுங்கையில் அந்த ஓட்டு வீடு இருந்தது. படலையில் கட்டிய வாழை காய்ந்து சரிந்திருந்தது. செத்தவீடு நடந்த வீடு. மாமன் என் கையைப் பிடித்தார். சவரம் செய்யாத முகத்தோடு வீட்டுக்காரர் வெளியே வந்தார்.

"தண்டயல் வந்திட்டாரோ?" என்றார், எங்களைக் கண்டதும்.

மாமன் என்னைப் பார்த்தார். நான்தான் கேட்டேன், சனிக்கிழமை எதற்காக வந்தீர்கள் என்று.

"ஆச்சி மோசம் போட்டா ஐயா. என்ரை தாய். தன்ரை சாம்பலைக் கொஞ்சமாவது இராமேசுவரத்துக் கடலிலை போடச் சொல்லி வாக்கு வாங்கினவ. எனக்கு அங்கை போக வசதியில்லை. தண்டயல் அந்தப் பக்கம் போற ஆள். காடாத்தி எடுத்த சாம்பலைப் பொட்டளியாக் கட்டிக்கொண்டு வந்தனான்."

"ஏன் உள்ளுக்குப் போகேல்லை? ஒரு வாய் தண்ணி..."

"துடக்கோடை, செத்தவீட்டுத் தீட்டோடை, மற்றவையின்ரை வீட்டுக்குள்ளை என்னெண்டு கால் வைக்கிறது?" அவர் எங்களை விநோதமாகப் பார்த்தார். "அதுவும் கடலிலை புருசன் நிக்கிற பொம்பிளையிட்டை, சாம்பல் காவ வேணுமெண்டு எந்த வாயாலை சொல்லுறது? அவச்சொல்லெல்லே. ஆம்பிளை ஒருதர் நிண்டால் சொல்லுவம் எண்டு பாத்தன். அந்தப் பொம்பிளை என்னைப் பாத்துக் குழறி அழத் தொடங்கீட்டுது. ஏனெண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை."

மாமன் அங்கேயே, படலைக்கு அருகில் மண்ணில் குந்திவிட்டார். காரணத்தைச் சொன்னபோது அந்த மனிதர் தலையில் கைவைத்தார். "ஐயோ, ஒரு சொல்லும் சொல்லேல்லையே நான்" என்றார் திரும்பத் திரும்ப.

அறிவித்தல் போகவில்லை. நாங்கள் எதிர்ப்பக்கத்து பஸ்ஸில் ஏறினோம். திரும்பும் வழியெல்லாம் மாமன் கதைத்துக்கொண்டே வந்தார். முன்னுக்கு இருந்தவர்களுக்கும் பின்னுக்கு இருந்தவர்களுக்கும் நடந்ததைச் சொன்னார். பட்டினத்தில் நாங்கள் இறங்குமுன்னே செய்தி இறங்கிவிட்டது. அடுத்த நாள் வகுப்பில் பிள்ளைகள் மேசையைத் தட்டினார்கள்.

"அவளின்ரை அப்பா உயிரோடை இருக்கிறாராம் சேர்! நீங்கள் கண்டுபிடிச்சனியளாம்!"

"ஆர் சொன்னது?"

"எல்லாரும் சொல்லுகினம். நீங்கள்தானாம் சொன்னனியள்."

நான் அப்படிச் சொல்லவேயில்லை. ஒரு மனிதர் செய்தி கொண்டுவரவில்லை என்பதை மட்டும் கண்டோம். வத்தை எங்கே என்று எனக்கும் தெரியாது, ஒருவருக்கும் தெரியாது. இதை வகுப்புக்கு விளக்கினேன். முகங்கள் வாடின. ஒரு பெடியன், "அப்ப செத்துப்போனாரோ சேர்?" என்றான். அதையும் சொல்லவில்லை என்றேன். "சேர் ஒண்டும் சொல்லமாட்டார்" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். அது நியாயமான பேச்சு.

அன்று பின்னேரம் அந்தப் பிள்ளையைத் தாய் என் அறைக்கு அனுப்பியிருந்தா. வாசலில் நின்று கேட்டாள்:

"அப்பா இருக்கிறார் எண்டு நீங்கள் சொன்னது மெய்யோ எண்டு அம்மா கேட்டுக்கொண்டு வரட்டாம்."

ஓம், ஆமாம் என்று ஒரு சொல். அதற்காகத்தான் அவள் கடற்கரை மணலில் அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தாள். என் நாக்கில் அது இருந்தது. வெளியே பனைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து இரைந்தன.

"எனக்குத் தெரியாது எண்டு சொல்லு பிள்ளை" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அதற்குப் பின் வந்த மூன்று நாட்களிலும் நான் நானாக இருக்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே யன்னலடிக்குப் போய்க் கடலைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகவில்லை. கரையில் கிடந்த வள்ளங்களை எண்ணினேன். எண்ணிக்கை நேற்றையதுபோலவே இருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, முன்வாங்குப் பெடியன் சைக்கிளில் இரைக்க இரைக்க வந்தான். "கண்டனான் சேர்! என்ரை கண்ணாலை கண்டனான்! பஸ்ஸாலை இறங்கினவர்!"

தண்டயல் வந்துவிட்டார். காற்றுத் திரும்பிப் பாய் கிழிந்து, நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய், முல்லைத்தீவுக்குக் கிட்டக் கரை தட்டியிருக்கிறார்கள். நாலு பேரும் தப்பிவிட்டார்கள். ஏற்றிவந்த ஓடுகளைக் காவல் காக்க ஆள் வைத்துவிட்டு வந்தாராம். அவர் வீட்டுக்கு அடித்த தந்தி, அவர் வந்து குளித்துச் சாப்பிட்டு ஒரு நாள் கழித்து வந்து சேர்ந்தது.

அந்த வீட்டுக்குப் போனேன். மாமன் என்னைக் கட்டிப்பிடித்து, வந்திருந்த எல்லோருக்கும் "உவர்தான், உவர்தான்" என்று காட்டினார். தண்டயல் வெயிலில் தோலுரிந்த முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார். தாய்தான் தேத்தண்ணி கொண்டுவந்தா. நெற்றியில் பெரிய பொட்டு. ஆனால் உதட்டு வெடிப்புகள் இன்னும் ஆறவில்லை. கோப்பையைத் தந்துவிட்டு அவ்விடத்திலேயே நின்றா.

"மாஸ்டர், அந்த அறிவித்தலை நிப்பாட்டினது பெரிய உபகாரம். செத்தாலும் மறக்கமாட்டன். ஆனால் என்ரை பிள்ளையை உங்களட்டை அனுப்பினன்."

"ஓம்."

"ஒரு ஓம் சொல்லியிருக்கலாம்."

"தெரியாமல் எப்பிடியம்மா சொல்லுறது? சொல்லி, அவர் வராமல் விட்டிருந்தால்?"

"வராமல் விட்டிருந்தால் அழுதிருப்பன். எப்பிடியும் அழுகிறதுதானே. அதுக்கு முந்தி மூண்டு நாளாவது ஒரு வாய் தண்ணி நிம்மதியாக் குடிச்சிருப்பன்."

"உதை விடு, மாஸ்டரோடை என்ன கதை" என்றார் தண்டயல். அவ கோபமாகச் சொல்லவில்லை. குறையாகக்கூடச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னா, அவ்வளவுதான். கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனா.

அந்தப் பள்ளிக்கூடத்தில் இன்னும் ஒன்பது வருஷம் படிப்பித்தேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள் என்று ஒவ்வொரு வகுப்புக்கும் சொன்னேன். சொல்லாமல் விட்ட வகுப்பு ஒன்றும் இல்லை. இன்றைக்கும் அந்தப் பிள்ளை வாசலில் வந்து நின்று கேட்டால் அதையேதான் சொல்வேன் என்று நினைக்கிறேன். சொல்லிவிட்டு, இந்த முறை அவளுக்குப் பின்னாலேயே போய், அந்த வீட்டில் உட்கார்ந்து, தாய் ஒரு வாய் தண்ணீர் குடிக்கும்வரை எழும்பாமல் இருப்பேனா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.